புதன்கிழமை பதினொன்று பத்து

மார்ச் 1, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் எலக்ட்ரீஷியன், எங்கள் கரன்ட் அண்ணன், போன் பண்ணி எழுப்பிவிட்டார். லேபில் ஆட்டோகிளேவை எங்கள் மாடிக்கு மாற்றுகிறார்கள். கண்ணாடிக் குப்பிகளை ஆவியில் வேகவைத்துச் சுத்தம் செய்யும் பெரிய அண்டா அது. இனிமேல் என் சர்வர் அறைக்கு அடுத்த அறையில் இருக்கும். அதற்குப் புது லைன் இழுக்க மாடி முழுக்க மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

"தங்கச்சி, நேர்ல வந்து உங்க சாமானையெல்லாம் அணைச்சுக் குடுத்தீங்கன்னா நான் மெயின்ல கை வைப்பேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரருக்குப் பேக்கரியில் மாதத்துக்கு ஒரே ஒரு ஞாயிறுதான் லீவு. படுத்தபடியே போனிலிருந்து சர்வரை அணைத்தேன். "அணைச்சாச்சுண்ணே, எடுத்துக்கோங்க" என்றேன். "பேட்டரிப் பெட்டி?" என்றார். "அது தன்னைத்தானே பாத்துக்கும்ணே." "அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

ஒன்பதே காலுக்கு மேல் போனில் பார்த்தேன். மின்சாரம் வந்து, சர்வர் தானாக எழுந்து உட்கார்ந்திருந்தது. இப்படி ஒரு வசதியை நானே செய்துவைத்திருக்கிறேன் என்று இவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். இவர் கேட்டுக்கொண்டே திரும்பவும் தூங்கிவிட்டார்.

மார்ச் 4, புதன்

மாப்பிள்ளை இன்று படுத்துவிட்டார்.

(சர்வருக்கு லேப் அக்கா வைத்த பெயர். தனி அறை, ஏசி, பக்கத்திலேயே ஒருத்தி நின்று கவனிப்பு, அப்படியும் திடீரென்று கோபித்துக்கொள்வது என்று எல்லாப் பொருத்தமும் இருக்கிறதாம்.)

பதினொன்று பத்துக்கு எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் உறைந்தன. லேப் அக்கா மாடிப்படியிலிருந்தே கத்தினார்: "இந்தாம்மா, ரிசல்ட் ஏற மாட்டேங்குது!" ஓடினேன். சர்வர் அப்போதுதான் முதலிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. எழுந்தது, விளக்கெல்லாம் எரிந்தது. ஆனால் யாருக்கும் தொடர்பு இல்லை. நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கித் திரும்பக் குத்தினேன், வந்துவிட்டது. நாற்பது நிமிஷம் போச்சு. வரிசையில் நின்றவர்கள் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

மார்ச் 5, வியாழன்

ஒன்றும் இல்லை. நேற்றையது என்னவென்றே தெரியவில்லை. தெரியாதது பிடிக்கவில்லை.

மார்ச் 11, புதன்

அதே நேரம். பதினொன்று பத்து. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை.

போன வாரம் கம்பியைப் பிடுங்கிக் குத்தியதும் சரியானதால் கம்பிதான் கோளாறு என்று முடிவுகட்டி, வெள்ளிக்கிழமையே புதுக் கம்பி போட்டிருந்தேன். இன்று அந்தப் புதுக் கம்பியோடும் படுத்துவிட்டது. மறுபடி பிடுங்கிக் குத்தினேன், மறுபடி சரியானது. அப்படியானால் கம்பியும் இல்லை. ஸ்விட்சா? அதாவது எல்லாக் கணினிகளின் கம்பிகளும் வந்து சேர்கிற அந்தத் தட்டைப் பெட்டி. அதில் வேறு துளைக்கு மாற்றிக் குத்தினேன். சர்வர் நின்று எழுந்திருக்கிறது என்றால் மின்சாரம் போயிருக்க வேண்டும். ஆனால் மின்சாரம் போனதாக மாடியில் ஒருத்தரும் சொல்லவில்லை. கரன்ட் போனால் சர்வரைத் தாங்குகிற பேட்டரிப் பெட்டியில், அதாவது யூபிஎஸ்ஸில், பச்சை விளக்கு. அதன் சின்னத் திரையில் பழைய பதிவுகளைத் தள்ளிப் பார்த்தேன். "ஞாயிறு 02:00 சோதனை. ஞாயிறு 02:00 சோதனை." அவ்வளவுதான். வாரம் ஒருமுறை, யாரும் இல்லாத நேரத்தில், பத்து நொடி பேட்டரியில் ஓடித் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்படி நான்தான் வைத்திருக்கிறேன். இந்த அறையில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே பிள்ளை அதுதான்.

மேனேஜர் கூப்பிட்டனுப்பி, "இது என்னம்மா வாரா வாரம் திருவிழாவா?" என்றார். பார்க்கிறேன் சார் என்று திரும்பி வந்தேன்.

மார்ச் 12, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

லேப் அக்காவிடம், "புதன்கிழமை பதினோரு மணிக்கு நீங்க புதுசா என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆட்டோகிளேவ் போடுவோம். வாரத்துக்கு ஒருநாள், புதன். பதினொன்னுக்கு ஆன் பண்ணா ஒரு மணிக்கு எடுத்துடலாம்" என்றார்.

அந்த அண்டா என் அறைக்குப் பக்கத்தில் வந்தது ஒன்றாம் தேதி. சர்வர் முதலில் விழுந்தது நான்காம் தேதி. இதற்கு மேல் என்ன வேண்டும்? அண்டா சூடேறும்போது லைனில் கரன்ட் இறங்குகிறது. லைன் இழுத்தவர் சரியாக இழுக்கவில்லை.

கரன்ட் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தார். காதில் பென்சில், கையில் டெஸ்டர், வழக்கமான சிரிப்பு. என் அறைச் சுவரில் அளந்தார், பக்கத்து அறையில் அளந்தார், வராந்தாவில் இருக்கும் மின்சாரப் பேனல் பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். பத்து நிமிஷத்தில், "லைன் சுத்தமா இருக்கு. அண்டாவுக்குத் தனி லைன் போட்டிருக்கேன் தங்கச்சி. உங்க லைனுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது" என்றார்.

பிறகு சர்வருக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். "இதுக்கு ரெண்டு கரன்ட் வயர் இருக்கே. ரெண்டும் ஏன் ஒரே பேட்டரிப் பெட்டியில போகுது? ஒன்னை நேரா சுவத்துல குத்துங்க. பெட்டி படுத்தாலும் இது நிக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒன்று சுவரில்தான் இருந்தது. போன வருஷம் மின்வெட்டுக்குப் பிறகு, பாதுகாப்புக்காக நான்தான் இரண்டையும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றினேன். பதினாலு வருஷமாக இதே வேலை செய்கிறேன், அவர் எனக்குச் சொல்லித் தருகிறாரா? "அண்ணே, சுவர் உங்க வேலை, சர்வர் என் வேலை" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. "சரி" என்று போய்விட்டார். வராந்தாவில் பேனல் கதவு மூடுகிற சத்தம் உடனே கேட்கவில்லை. என்ன எழுதிக்கொண்டிருந்தாரோ, அந்தக் கதவின் உள்பக்கம் பென்சிலால் கிறுக்குவது அவருடைய பழக்கம்.

மார்ச் 13, வெள்ளி

சோதித்துப் பார்த்தேன். லேப் அக்காவைக் கெஞ்சி இன்று ஆட்டோகிளேவைப் போடச் சொன்னேன். சர்வருக்கு முன்னால் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆனது. மாப்பிள்ளை அசையவே இல்லை.

காலியாகப் போட்டதால் அண்டா அவ்வளவு கரன்ட் இழுத்திருக்காது. வேறென்ன?

மார்ச் 18, புதன்

எழுத்து கோணலாகப் போகிறது.

பதினொன்று பத்து. தயாராகத்தான் இருந்தேன். பத்து நிமிஷம் முன்னாலிருந்தே மேசையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியும் என்ன செய்ய முடிந்தது? விழுவதை உட்கார்ந்து பார்த்தேன், அவ்வளவுதான். இந்தத் தடவை கம்பியைப் பிடுங்கிக் குத்தியும் வரவில்லை. மூன்று முறை அணைத்து எழுப்பினேன். ஒரு மணி நேரம் இருபது நிமிஷம்.

மேல்மாடியில் ஒரு குழந்தைக்கு ஆபரேஷன். நாலு வயசு. ரத்த அணு எண்ணிக்கை வந்தால்தான் உள்ளே எடுத்துப் போவார்கள். காலையிலிருந்து பட்டினி போட்டு வைத்திருக்கிறார்கள். பசியில் அது கத்துகிறது. அப்பா கீழே வந்து லேப் கவுன்ட்டரில் நின்று, "எப்ப வரும்? எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். லேப் அக்கா கடைசியில் இயந்திரத்தின் திரையைப் பார்த்துக் கையால் எழுதி, தானே மாடிக்கு ஓடினார். அதற்குள் ஆபரேஷன் அறையை வேறொருத்தருக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்றரை மணிக்குத்தான் எடுத்தார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அப்பா என் அறை வாசலில் வந்து நின்று, "நீங்கதான் கம்ப்யூட்டர் பாக்குறவங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

மேனேஜர், "எழுத்துல குடு. யார் தப்புன்னு எனக்கு எழுத்துல வேணும்" என்றார்.

கொடுத்துவிட்டேன். ஒரே மூச்சில் எழுதினேன். மார்ச் ஒன்றில் செய்த மின்வேலை, நான்கிலிருந்து கோளாறு, ஆட்டோகிளேவ் ஓடும் அதே நேரம். "மின் இணைப்பு வேலையில் ஏற்பட்ட குறைபாடே காரணம்" என்று முடித்தேன். வெள்ளிக்கிழமைச் சோதனையை எழுதவில்லை. அது குழப்பத்தான் செய்யும்.

மார்ச் 20, வெள்ளி

கரன்ட் அண்ணனை நிறுத்திவிட்டார்கள்.

பதினோரு வருஷமாக இந்தக் கட்டடம் முழுக்க அவர்தான் பார்த்தார். ஒரே நாளில் ஒப்பந்தத்தை முடித்து, ஏதோ ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். எதிர்த் தெருவில் இருக்கும் இரண்டு கட்டடங்களும் இதே மேனேஜரின் சொந்தக்காரருடையவை. அங்கேயும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அவர் சம்பாத்தியமே இந்த மூன்று கட்டடமும்தான்.

லேப் அக்கா சொன்னார், மேனேஜர் அறையில் அவர் கத்தவே இல்லையாம். "என் பேனல் கதவைத் தொறந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க சார்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாராம். மேனேஜர், "கதவுல என்னய்யா இருக்கு?" என்றாராம்.

சாயங்காலம் வாசலில் அவரைப் பார்த்தேன். கருவிப் பையை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே" என்றேன். திரும்பிப் பார்த்தார். "வர்றேன் மேடம்" என்றார்.

மேடமாம். என்ன, எனக்கா ஆசை அவரை அனுப்ப? கோளாறு அவர் பண்ணியது, நான் உள்ளதை எழுதினேன். மாடியில் பட்டினி கிடந்த குழந்தைக்கு யார் பதில் சொல்வது?

மார்ச் 22, ஞாயிறு

இவர் இன்று கேட்டார்: "அந்த ஆளு ஒன்னும் பண்ணலேன்னு சொன்னாரே, நீ அதைச் சரிபாத்தியா?"

பார்த்தேன் என்றேன். சுள்ளென்று சொன்னதால் இவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ரொட்டிக்கு மாவு பிசைகிறவர் எனக்கு சர்வர் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னதற்குச் சமம்தான், முகத்தைப் பார்த்திருப்பார்.

மார்ச் 25, புதன்

ஐயோ.

இன்று ஆட்டோகிளேவே போடவில்லை. புதுக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்க்கும்வரை அதைத் தொடக்கூடாது என்று மேனேஜர் உத்தரவு. பிளக்கைக்கூட உருவி வைத்திருந்தார்கள். நான் நிம்மதியாக சர்வர் அறையில் நின்று பழைய கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

பதினொன்று பத்து. "டக்" என்று ஒரு சத்தம். சர்வர் செத்தது. ஸ்விட்சில் எல்லா விளக்கும் அணைந்தன. தலைக்கு மேலே டியூப்லைட் சிமிட்டக்கூட இல்லை.

சுவரில் கரன்ட் இருந்தது. கரன்ட் போகவே இல்லை. சத்தம் வந்தது யூபிஎஸ் பெட்டியிலிருந்து. ஐந்தாறு நொடியில் மறுபடி "டக்". பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

மூன்று வாரமாக நான் சர்வர் அறைக்கு வெளியிலிருந்தே ஓடி வந்திருக்கிறேன். போன வாரம்கூட என் மேசையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேனே தவிர, கதவைத் திறந்து உள்ளே போய் நிற்கவில்லை.

மார்ச் 26, வியாழன்

எல்லாம் தெரிந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் இதிலும் பொய் கலந்துவிடுவேன்.

யூபிஎஸ் திரையில் மறுபடி பதிவுகளைப் பார்த்தேன். ஞாயிறு 02:00, ஞாயிறு 02:00, நான்கு தடவை. பிறகுதான் இதுவரை தொடாத ஒரு பட்டனை அழுத்தி, இப்போது மணி என்ன என்று அதனிடமே கேட்டேன். எனக்கு வியாழன் காலை பத்து. அது திங்கட்கிழமை நள்ளிரவு ஒரு மணி ஆகப்போகிறது என்றது.

அதன் கடிகாரம் மூன்று நாளும் ஒன்பது மணி நேரமும் பத்து நிமிஷமும் பின்னால் ஓடுகிறது. அதன் ஞாயிறு இரண்டு மணி நம்முடைய புதன் பதினொன்று பத்து. அந்த "ஒழுங்கான பிள்ளை" வாரா வாரம் பட்டப்பகலில் பேட்டரிக்கு மாறிச் சோதனை செய்திருக்கிறது. பேட்டரியில் உயிர் இல்லை. மாறியதும் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டது. சர்வரும் ஸ்விட்சும் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுகின்றன. ஸ்விட்ச் எழ நேரமாகிறது, அதற்குள் சர்வர் தொடர்பு இல்லை என்று முடிவுகட்டி உட்கார்ந்துவிடுகிறது. நான் கம்பியைப் பிடுங்கிக் குத்தும்போது திரும்பப் பார்க்கிறது. அது கம்பிக் கோளாறும் இல்லை, நெட்வொர்க் கோளாறும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

கடிகாரம் எப்போது கெட்டது? வராந்தாவுக்குப் போய் பேனல் கதவைத் திறந்தேன்.

உள்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. பதினோரு வருஷத்துக்கும் தேதி போட்டு, ஒவ்வொரு பியூஸ், ஒவ்வொரு லைன். கீழே வலது மூலையில்:

"1/3 ஞாயிறு. 6.05 மெயின் எடுத்தது. சர்வர் தங்கச்சி போனில் அணைத்தார், நேரில் வரவில்லை. பேட்டரிப் பெட்டி அணைக்கவில்லை, 6.50 வரை கத்தி நின்றது. 9.10 லைன் கொடுத்தது."

அதற்குக் கீழே, "12/3 லைன் அளந்தது, சரி. இரண்டு வயரும் ஒரே பெட்டியில். சொன்னேன்."

ஒன்பது பத்து. யூபிஎஸ் கத்திக் கத்தி, கடைசிச் சொட்டுவரை வடிந்து செத்திருக்கிறது. அதில்தான் பழைய பேட்டரி பாழாகியிருக்கிறது. ஒன்பது பத்துக்கு மின்சாரம் வந்ததும், தொழிற்சாலையில் வைத்த முதல் தேதியிலிருந்து, ஒரு வியாழக்கிழமை பூஜ்ஜிய மணியிலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு நிமிஷம்கூட இடிக்கவில்லை.

நான் அன்று நேரில் போய் ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் இதெல்லாம் இல்லை. இரண்டாவது வயரைச் சுவரிலேயே விட்டிருந்தால் சர்வர் விழுந்திருக்காது. அவர் சொன்னபோதாவது மாற்றியிருந்தால் அந்தக் குழந்தை பட்டினி கிடந்திருக்காது.

"சுவர் உங்க வேலை, சர்வர் என் வேலை." என் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க வேண்டும்.

மார்ச் 27, வெள்ளி

புதுப் பேட்டரி வந்துவிட்டது. போட்டுவிட்டேன். கடிகாரத்தைச் சரி செய்தேன். ஒரு வயரைச் சுவரில் குத்தினேன். மொத்தம் இருபது நிமிஷ வேலை.

யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இப்படி எழுதும்போதே என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இன்று முழுக்க அதைத்தான் நினைத்தேன்.

மார்ச் 30, திங்கள்

புதுக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பேனலில் நாலு திருகை இறுக்கினார்கள். கதவின் உள்பக்கத்தை வெள்ளை பெயின்ட் அடித்துச் சுத்தமாக்கப் போகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். "வேண்டாம்னா வேண்டாம்" என்று கத்திவிட்டேன். பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு வராந்தாவில் நின்று அந்தக் கதவைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 1, புதன்

பதினொன்று பத்து கடந்தது. ஒன்றும் ஆகவில்லை. லேப் அக்கா வந்து, "மாப்பிள்ளை இன்னிக்கு சமத்தா இருக்காரே!" என்று கை தட்டினார்.

மேனேஜர் வராந்தாவில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "பாத்தீங்களா? அந்த ஆளை அனுப்புனோம், புதுசா ஆள் வந்து திருகை இறுக்குனாங்க, சரியாப் போச்சு. கரெக்டா எழுதுனம்மா நீ."

தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டேனே! கழுத்து தானாக ஆடிவிட்டது. கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

இரவு சாப்பிடும்போது இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் திட்டவில்லை. "எவ்ளோ நாளாச்சு தெரிஞ்சு?" என்றார். ஆறு நாள் என்றேன். "ஆறு நாளா அவர் வேலை இல்லாம உக்காந்திருக்கார்" என்றார். பிறகு சாப்பிட்டோம்.

ஏப்ரல் 2, வியாழன்

இரண்டாவது அறிக்கை எழுதினேன். முதலாவதை விட நீளம். என் பெயர் ஒன்பது இடத்தில் வருகிறது. கதவின் போட்டோவைச் சேர்த்தேன். பதிமூன்றாம் தேதிச் சோதனையை மறைத்ததையும் எழுதினேன். மேனேஜருக்கு மட்டும் கொடுத்தால் மேசை இழுப்பறைக்குள் போய்விடும் என்று தெரியும். கட்டட உரிமையாளருக்கும், எதிர்த் தெருக் கட்டடங்களுக்கும், லேபுக்கும் சேர்த்து அனுப்பினேன். அனுப்பும் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று சொன்னால் வெட்கம்.

ஏப்ரல் 3, வெள்ளி

மேனேஜர் கத்திய கத்தலில் பக்கத்து அறையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். "உன்னை யாரும்மா கேட்டா? சரியாப் போச்சுல்ல? மூடிட்டு இருக்க வேண்டியதுதானே!"

"தப்பு என்னோடது சார்" என்றேன்.

"தெரியுது. ஊருக்கே அனுப்பிட்டியே!"

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இனி என் அறிக்கைகளை இன்னொருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். பதினாலு வருஷத்துக்குப் பிறகு.

ஏப்ரல் 5, ஞாயிறு

அவர் வீட்டுக்குப் போனேன். தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரமானது. இத்தனை வருஷமாக "அண்ணே அண்ணே" என்றிருக்கிறேன், வீடு எந்தத் தெரு என்றுகூடத் தெரியாது.

வாசலில் உட்கார்ந்து யாருடையதோ ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப்போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். கதவு போட்டோவில் தன் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன்.

"நான் தப்புப் பண்ணியிருந்தா நீங்க எழுதுனது சரி மேடம். நானே ஒத்துக்குவேன். பண்ணலேன்னு சொன்னேன். சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"எழுதி வேற வெச்சிருந்தேன். உங்க ரூம்லேர்ந்து பத்தடி. எந்திரிச்சு வந்து கதவைத் தொறக்கணும், அவ்ளோதான். கம்ப்யூட்டர்ல இருந்தா படிச்சிருப்பீங்க. பென்சில்ல இருந்துச்சு, அதான் படிக்கல."

வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அழுதிருப்பேன், அழுதால் அவர் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவர் தலையில் கட்டக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"எதிர்க் கட்டடத்துல வாட்ச்மேன் கேட்டாரு, ஏதோ குழந்தை சாகப் பாத்துச்சாமே உன்னாலன்னு" என்றார். ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஃபேன் பக்கம் திரும்பிக்கொண்டார். "போயிட்டு வாங்க. வெயில் ஏறுது."

ஏப்ரல் 8, புதன்

இப்போதும் பதினொன்று பத்துக்குக் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 16, வியாழன்

அவரைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். கட்டட உரிமையாளரே நேரில் கூப்பிட்டாராம். கம்பெனிக்காரர்கள் ஒரு பியூஸ் போட இரண்டு நாள் கழித்து வந்ததும் ஒரு காரணம். உரிமையாளர் வந்த அன்று லேப் அக்கா அவரையே வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து காட்டினாராம். எதிர்க் கட்டடங்களில் ஒன்று திரும்பக் கொடுத்தது. இன்னொன்று கொடுக்கவில்லை. அங்கே வேறு ஆள் வந்தாயிற்றாம், என்ன செய்வது என்கிறார்களாம். அதற்கு ஒரு கடிதம் தனியாக எழுதினேன். பதில் இல்லை.

கரன்ட் அண்ணன் படியில் எதிரே வந்தார். வணக்கம் சொன்னேன். தலையசைத்தார். பையைத் தோள் மாற்றிக்கொண்டு மேலே போனார்.

ஏப்ரல் 24, வெள்ளி

எதிர்க் கட்டடத்துக்கு நேரிலேயே போனேன். வாட்ச்மேனிடம், குழந்தை விஷயத்தில் தப்பு கரன்ட் அண்ணனுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். "அப்படியா?" என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை. உள்ளே அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள், ஒரு மணி நேரம் கழித்துத் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். மறுபடி போக வேண்டும்.

மே 12, செவ்வாய்

சர்வர் அறையில் டியூப்லைட் போய்விட்டது. வேலைப் பதிவேட்டில் எழுதி வைத்தேன். அரைமணி கழித்து லேப் அக்கா வந்து, ஒரு மாதிரி தயங்கி, "நீ எப்ப சாப்பிடப் போவேன்னு கேட்டாரும்மா" என்றார்.

"ஒரு மணிக்கு. ஏன்?"

"நீ இல்லாதப்ப வந்து மாட்டிடுறேங்குறார்."

சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, பன்னிரண்டேகாலுக்கே டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பசியே இல்லை. இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன், நடுவில் மேலே போய்விடக்கூடாதே என்று.

திரும்பி வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழைய டியூபை உடையாமல் காகிதத்தில் சுற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார். ஏணி வைத்த இடத்தில் விழுந்த தூசியைக்கூடக் கூட்டியிருந்தார். பதிவேட்டில் நேரமும் கையெழுத்தும் போட்டிருந்தார். பக்கத்தில் என் கையெழுத்துக்கு இடம் இருந்தது. முதலில் நாற்காலியில் ஏறி டியூபை அசைத்துப் பார்த்தேன், சுவரில் அளந்து பார்த்தேன், வராந்தாவுக்குப் போய்க் கதவைத் திறந்து அவர் இன்று எழுதியதைப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு வந்து கையெழுத்துப் போட்டேன்.